காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு

2024 பொங்கல் முடிந்த வாரம். வேளச்சேரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மடியில், பழைய போர்வையில் சுற்றிய ஒரு காக்கர் ஸ்பேனியல். ஆறு வயதுப் பெண் நாய், பெயர் ஜூலி. தரையில் இறக்கிவிட்டதும் அது நடக்கவில்லை; தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நின்றது. நடக்கும்போதெல்லாம் ஆடவேண்டிய காதுகள் இரண்டும், தேங்காய் நார் மிதியடியை வெட்டி ஒட்டவைத்ததுபோல விறைத்துத் தொங்கின.

"முடியை மட்டும் எடுத்துடாதம்மா. இவளுக்கு அழகே இந்தக் காதுதான்" என்றார் பெரியவர்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்மணி பதினைந்து ஆண்டுகளாகச் சென்னையில் நாய்களுக்கு முடி திருத்துபவர். அவர் சீப்பையும் எடுக்கவில்லை, கத்தரியையும் எடுக்கவில்லை. ஜூலியின் காதருகே குனிந்து மோந்து பார்த்தார். பிறகு பெரியவரின் கையைப் பிடித்து, அவருடைய ஆள்காட்டி விரலைக் காதின் அடியில் வைத்தார்.

"சார், இங்க தொட்டுப் பாருங்க. தோல் எங்க முடியுது, முடி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுதா?"

பெரியவர் தடவித் தடவிப் பார்த்தார். தெரியவில்லை.

"எனக்கும் தெரியல சார். தெரியாத இடத்துல சீப்பு போட்டா அவளுக்கு உயிர் போற வலி. கத்தரி போட்டா காதே அறுந்துடும். மெஷின் போட்டு அடியோட எடுக்கறதுதான் வழி. முடி வளந்துடும் சார்."

பெரியவர் கொஞ்ச நேரம் ஜூலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார்.

ஜூலியின் சடை மிக்ஜாம் புயலில் தொடங்கியது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வேளச்சேரி மூழ்கியபோது அவர்களுடைய தரைத்தள வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டில் தங்கினார்கள். கரண்ட் இல்லை, நனைந்த முடியை உலர்த்த வழியில்லை. தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த நாளில் பெரியவரின் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஜூலிக்கு அன்றாடம் வாரிவிட்டவர் அவர்தான். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், படுக்கை என்று ஆறு வாரம் ஓடிவிட்டது. நாய்க்குச் சோறு கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது. சீப்பு மட்டும் கிடைக்கவில்லை.

சடை பிடித்து வரும் நாயைப் பார்த்ததும் வீட்டுக்காரரைத் திட்டுவது இந்தத் தொழிலில் பலருக்குப் பழக்கம். இவரும் ஆரம்பத்தில் திட்டியிருக்கிறார். இப்போது திட்டுவதில்லை. முதலில் "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியிலேயே பதில் வந்துவிடும்.

சிக்கு வேறு, சடை வேறு என்பது இவர் வைத்திருக்கும் கணக்கு. விரல் நுனி உள்ளே நுழைந்து தோலைத் தொட முடிந்தால் அது சிக்கு, பொறுமையாகப் பிரித்துவிடலாம். விரல் நுழையாமல், அட்டைபோல ஒரே தகடாக எழும்பினால் அது சடை. பிரிப்பதற்கு அங்கே தனித்தனி முடி என்று எதுவும் மிச்சமிருக்காது.

அப்படி ஆவதற்குக் காரணம் முடியின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முடியின் மேலும், கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கி அடுக்கியிருக்கும். ஈரத்தில் முடி உப்பி, உரசலில் முடியோடு முடி நகரும்போது இந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முன்னே நகர்ந்த முடி பின்னே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஆட்டு ரோமத்தை நனைத்து, அழுத்தித் தேய்த்து, நெய்யாமலே கெட்டித் துணியாக்குகிறார்களே, அதே வேலை நாயின் உடம்பில் நாம் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. இதற்குப் பஞ்சாக அமைவது உதிர்ந்த முடி. காக்கர் போன்ற நாய்களுக்கு நீண்ட வெளிமுடிக்கு அடியில் மென்மையான உள்முடியும் உண்டு. குட்டை முடி நாய்க்கு உதிர்ந்தது தரையில் விழும், பெருக்கித் தள்ளிவிடலாம். நீள முடி நாய்க்கு அது தரைக்கு வராமல் மேல்முடியிலேயே தங்கிவிடும். வீட்டில் முடி உதிரவில்லையே என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் அது காதுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கும்.

அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு என்று உரசல் உள்ள இடமெல்லாம் சடை பிடிக்கும். ஆனால் நீளக்காது நாயிடம் முதலில் பிடிப்பது காதில்தான். தலையை அசைக்கும்போதெல்லாம் காது கழுத்தில் தேய்கிறது. தண்ணீர் குடிக்கும்போது நுனி கிண்ணத்தில் நனைகிறது; சாப்பிடும்போது சோற்றில் புரள்கிறது. காதுக்குள் அரித்தால் பின்னங்காலால் அதே இடத்தைத்தான் பறித்துப் பறித்துச் சொறியும். வாய் குறுகிய, உயரமான தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் காது வெளியே விழும், நுனி நனையாது. இவர் தம்மிடம் வரும் ஒவ்வொரு காக்கர் வீட்டுக்கும் முதலில் சொல்வது அதைத்தான்.

காக்கர் ஸ்பேனியல் பிரிட்டனில் புதரில் ஒளியும் உட்காக் என்ற பறவையை எழுப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டை நாய். அந்தப் பறவையின் பெயரிலிருந்து வந்ததே 'காக்கர்'. அமெரிக்காவுக்குப் போனபிறகு உடல் சிறிதாகி, காதிலும் காலிலும் முடி பெருகியது. 1946-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் ஆங்கிலக் காக்கரைத் தனி இனமாகப் பிரித்தது. 1955-ல் வந்த வால்ட் டிஸ்னியின் 'லேடி அண்ட் தி டிராம்ப்' படத்தின் நாயகி லேடியும் ஒரு காக்கர்தான். அந்தக் காதுகளில் மயங்கி நாய் வாங்குபவர்கள் இன்றும் உண்டு. அதை வாரிவிட ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

இவர் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். வீட்டில் எப்போதும் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று அந்த மண்ணின் நாய்கள் எல்லாமே குட்டை முடி கொண்டவை. வெயிலில் ஓடி, சேற்றில் விழுந்து, உதறி எழுந்தால் உடம்பு சுத்தமாகிவிடும். நாய்க்குச் சீப்பு என்று ஒன்று உண்டு என்பதே சென்னைக்கு வந்தபிறகுதான் இவருக்குத் தெரியும். ஆனால் சிக்கெடுக்கும் கலை ஊரிலேயே கிடைத்துவிட்டது. ஆச்சியிடம் ஒரு பித்தளைச் சிணுக்கோலி இருந்தது. விரல் நீளம், ஒரே முனை. பேத்தியின் தலையில் சிக்கு விழுந்தால் ஆச்சி முடியின் அடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இழுபடுவது கைக்குள்ளேயே நின்றுவிடும், தலைக்குப் போகாது. பிறகு நுனியில் தொடங்கி, ஒவ்வொரு இழையாகச் சிணுக்கோலியால் எடுத்துவிட்டு மேலே ஏறுவார். நுனியிலிருந்து தொடங்கு, வேரைப் பிடித்துக்கொள். இந்த இரண்டையும் பிற்பாடு யாரும் இவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொல்லித்தராமல் போனது வேறொன்று.

2009-ல் சென்னையில் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் நாய் குளிப்பாட்டும் உதவியாளராகச் சேர்ந்தார். இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரிசையில் பதினோரு நாய்கள். ஒரு ஷிட்சூவின் காதோரம் எலுமிச்சை அளவு முடிச்சு. "வெட்டி எடுத்துட்டு அடுத்தத ஏத்து" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இவர் முடிச்சை வெளியே இழுத்துப் பிடித்து, அடியில் கத்தரியை விட்டார். நாய் கத்திய பிறகுதான் கையில் வந்தது முடி மட்டுமில்லை என்று தெரிந்தது. காது மடலின் ஓரத்தில் அரை அங்குலம் வெட்டுப்பட்டிருந்தது.

காது மடலில் ரத்த நாளங்கள் அதிகம். சிறிய வெட்டுக்கும் ரத்தம் நிற்காது. நாய் தலையை உதற உதறச் சுவரெல்லாம் தெறிக்கும். அன்று அந்தச் சிறிய அறை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். தையல் போட்டார்கள். முடிச்சை இழுத்துப் பிடித்ததுதான் தப்பு என்று அங்கேதான் புரிந்தது. சடையை இழுத்தால் அதோடு சேர்ந்து தோலும் கூடாரம்போல எழும்பிவிடும். முடி என்று நினைத்து வெட்டுகிற இடத்தில் தோல் நிற்கும். போதாக்குறைக்கு, பல நாய்களுக்குக் காது மடலின் வெளியோரத்தில், அடிப்பக்கமாக, தோல் இரண்டாக மடிந்து ஒரு சிறிய பைபோல இருக்கும். ஹென்றி பை என்று அதற்குப் பெயர். சடை மூடியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கத்தரிக்கு அகப்படுவது பெரும்பாலும் அந்த மடிப்பும் மடலின் ஓரமும்தான்.

அன்றிலிருந்து சடைக்கு அடியில் இவர் கத்தரி விட்டதில்லை.

ஜூலியை மேசையில் ஏற்றி, ரப்பர் விரிப்பின் மேல் நிற்கவைத்தார்கள். பெரியவரை எதிரில் நிற்கச் சொன்னார்; நாயின் கண் எட்டும் தூரத்தில். முதல் ஐந்து நிமிடம் மெஷினை அணைத்துவைத்தே ஜூலியின் தோளில் தொட்டு எடுத்தார். பிறகு ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார். காது மோந்து பார்த்தபோதே உள்ளே புளித்த வாடை தெரிந்திருந்தது. வலிக்கிற காதை நாய் எளிதில் கொடுக்காது. அவசரப்பட்டால் கடிக்கும், கடித்தால் குற்றம் நாயுடையது இல்லை.

மெஷினில் போட்டது 10-ம் நம்பர் பிளேடு. பிளேடின் நம்பர் ஏற ஏற முடி குட்டையாகும். 10-ம் நம்பர் தோலுக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு எடுக்கும். ஆபரேஷனுக்கு முன் சவரம் செய்ய மருத்துவர்கள் போடும் 40-ம் நம்பர் கால் மில்லிமீட்டர்தான் விடும். நம்பர் குறைந்த பிளேடுகளில் பல் இடைவெளி அகலம். அந்த இடைவெளிக்குள் சடையால் இழுபட்ட தோல் புகுந்துவிடும். சடைக்கு அடியில் போக 10-ம் நம்பர்தான் தோது.

காதின் மேல்பகுதியில், தலையோடு சேரும் இடத்தில், சடைக்கும் தோலுக்கும் நடுவே ஓர் இழை வெளிச்சம் தெரிந்தது. அங்கே தொடங்கினார். இடது கையின் நான்கு விரல்கள் காதின் உட்புறம், கட்டைவிரல் வெளிப்புறம். காதை ஒரு வெற்றிலையைப்போல விரித்துப் பிடித்து, தோல் சுருங்காமல் பார்த்துக்கொண்டார். பிளேடு தோலுக்கு இணையாகப் படுத்தபடி, காதின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போனது. ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒருபோதும் ஓட்டக்கூடாது. மடல் விளிம்பு பல்லில் மாட்டும். ஓர் அங்குலம் எடுத்ததும் நிறுத்தினார். பிளேடைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தார். சூடு. கழற்றி வைத்துவிட்டு, ஆறிய இன்னொன்றை மாட்டினார். சடை தடிப்பாக இருந்தால் பிளேடு சீக்கிரம் சூடேறும். மணிக்கட்டு பொறுக்காத சூடு காதின் தோலையும் சுட்டுவிடும்.

இருபது நிமிடத்தில் வலது காதின் சடை ஒரே துண்டாகக் கழன்று வந்தது. செருப்பின் அட்டைபோலத் தடிமன்; உட்புறம் ஈரம். புயல் முடிந்து ஆறு வாரம் ஆகியும், தோலோடு ஒட்டியிருந்த பகுதி காயவில்லை. அந்த ஈரத்துக்கு அடியில் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் நீர் வடிந்தது. மடலின் ஓரத்தில் வரிசையாக ஏழு உண்ணிகள்.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவ்வளவு நாளா இதோடவா இருந்தா?" என்றார்.

சடை தோலுக்கு மேல் மூடி போட்டதுபோல உட்கார்ந்துவிடுகிறது. காற்று போகாது, ஈரம் வெளியே வராது, கிருமி பெருகும். ஒவ்வொரு அசைவிலும் தோலை இழுத்துக்கொண்டே இருக்கும். இறுகப் பின்னிய சடையோடு தூங்கி எழுந்த பெண்களுக்கு அந்த வலி தெரியும். நாய்க்கு அது வாரக்கணக்கில், அவிழ்க்க ஆளில்லாமல். ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைத்த காதுகளையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இவர் பார்த்திருக்கிறார். அந்த நாய்களை மேசையில் ஏற்றாமல் நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். உடம்பு முழுக்கச் சடை பிடித்த நாய்க்கும் அப்படித்தான். மயக்க மருந்து கொடுத்து மருத்துவமனையில் எடுப்பதுதான் இரக்கம். முடிதிருத்தும் கடையில் மயக்க மருந்துக்கு இடமில்லை.

இரண்டு காதும் முடிந்ததும் இவர் ஒரு பழைய பனியன் துணியைக் குழாய்போல ஜூலியின் தலையில் மாட்டி, காதுகள் கழுத்தோடு படியும்படி வைத்தார். தொண்டைப் பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டார். பெரியவருக்கு அது விளங்கவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே?

இவருக்கு அது விளங்கியது 2014-ல். இன்னொரு காக்கர். சடையைச் சுத்தமாக எடுத்து, ஒரு கீறல்கூட இல்லாமல் அனுப்பினார். மறுநாள் காலையில் வீட்டிலிருந்து போன் வந்தது. காது பலூன்போல வீங்கியிருக்கிறது என்று. இறுகிய சடை வாரக்கணக்கில் காதின் ரத்த ஓட்டத்தை நெரித்து வைத்திருந்தது. திடீரென்று அதை எடுத்ததும் ரத்தம் பாய்ந்து, காது குறுகுறுத்து, பாரம் போன காதை அந்த நாய் இரவெல்லாம் உதறியிருக்கிறது. காது மடல் என்பது இரண்டு தோலுக்கு நடுவே ஒரு மெல்லிய குருத்தெலும்பு. வேகமாக உதறினால் நாளம் உடைந்து, நடுவில் ரத்தம் கட்டிவிடும். மருத்துவர் அதைத் திறந்து வடித்துத் தைக்கவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு, காதுச் சடை எடுத்த எந்த நாயும் தலைத்துணி இல்லாமல் இவர் கடையின் வாசலைத் தாண்டியதில்லை. அன்று மாலைவரை வீட்டார் கண்பார்வையிலேயே அந்தத் துணி இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவார். வெட்டு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்த காலம் அந்த போனோடு முடிந்தது.

காதுக்குள் வந்த வாடைக்கு இவர் மருந்து போடவில்லை. நாயின் செவிக்குழாய் 'எல்' எழுத்துபோல முதலில் கீழே இறங்கி, பிறகு உள்ளே திரும்புகிறது. அடியில் சேர்ந்த அழுக்கும் ஈரமும் தானாக மேலே ஏறி வராது. அதற்கு மேல் கனத்த காது மூடியாகத் தொங்கினால் உள்ளே புழுக்கம். மலசீசியா என்ற ஈஸ்ட் செழிக்க வேறென்ன வேண்டும்? காக்கர்களுக்குக் காது நோய் மற்ற இனங்களைவிட அதிகம் வருவதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் திரவத்தையும் ஊற்றக்கூடாது. பார்க்கும் கருவி மருத்துவரிடம்தான் இருக்கிறது. பெரியவரை வேப்பேரிக்கு அனுப்பினார். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. உண்ணி இருந்ததையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கவேண்டுமா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அது உதவும்.

எல்லாச் சிக்கும் மெஷினுக்குப் போகவேண்டியதில்லை. தோலைத் தொட முடிகிற சிறிய முடிச்சை வீட்டிலேயே எடுத்துவிடலாம். இவர் வாடிக்கையாளர்களை மேசைக்கு இந்தப் பக்கம் வரச்சொல்லி, அவர்கள் கையாலேயே செய்யவைத்துக் கற்றுத்தருவார்.

முடிச்சின் மேல் ஒரு சிட்டிகை சோளமாவு தூவவேண்டும். முடி வழுக்கிப் பிரியும். ஆச்சி செய்ததுபோல முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலால் முடியை இறுக்கிப் பிடிக்கவேண்டும். பிறகு முடிச்சை விரல் நுனிகளால் பஞ்சைப் பிரிப்பதுபோலப் பக்கவாட்டில் பிரித்துக்கொண்டே வந்தால் நாலைந்து சின்ன முடிச்சாக உடையும். அப்புறம்தான் உலோகச் சீப்பு. அகலப் பல் முதலில், நெருக்கப் பல் பிறகு. நுனியில் தொடங்கி, தோலை நோக்கி. மூன்று நிமிடத்தில் பிரியவில்லையா? நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். நாயின் பொறுமையைத் தீர்த்துவிட்டால் அடுத்த முறை சீப்பைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரியது, சிக்கு இருக்கிறது என்று குளிப்பாட்டுவது. தண்ணீரும் ஷாம்பூவும் கையின் தேய்ப்பும் சேர்ந்து, சிக்காக இருந்ததைச் சடையாக்கிவிடும். சீவிய பிறகு குளியல்; குளித்த பிறகு அடிவரை உலர்த்துதல். துண்டால் தலை துவட்டுவதுபோலச் சுற்றித் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். அடுத்தது தேங்காய் எண்ணெய். நம் தலைக்கு நல்லதென்று நாயின் காதுக்கும் தடவுகிறவர்கள் நிறைய. எண்ணெயில் தூசி ஒட்டி, நாய் அதை நக்கி, முன்பைவிடக் கெட்டியாகி வரும். மூன்றாவது, மேலோட்டமாகப் பிரஷ் போடுவது. மேல்முடி பட்டுபோல மின்னும். அடியில் சடை வளர்ந்துகொண்டிருக்கும். பிரஷ் போட்ட பிறகு சீப்பைத் தோலிலிருந்து நுனிவரை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நிற்காமல் வந்தால்தான் வாரியது வாரியதாகும்.

புறநகர் வீடுகளிலிருந்து வரும் நாய்களின் காதில் இவர் அடிக்கடி காண்பது நாயுருவி விதை. காலி மனைகளில் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும் செடி. அதன் விதை துணியிலும் முடியிலும் ஏறிக்கொள்ளும். மருளூமத்தைக் காயும் அப்படித்தான். இப்படி ஒட்டும் காய்களிலிருந்து ஒரு தொழிலே பிறந்திருக்கிறது. 1941-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாயோடு மலையில் நடந்துவிட்டு வந்து, அதன் முடியில் ஒட்டியிருந்த காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அவற்றின் முனையில் இருந்த கொக்கிகள்தான் பிற்பாடு வெல்க்ரோ ஆயின. நாயின் காதில் மாட்டிய ஒவ்வொரு விதையும் அதே கொக்கி வேலையைச் செய்கிறது. அதைச் சுற்றி இரண்டே நாளில் முடிச்சு விழும். நடைக்குப் போய் வந்ததும் காதையும் விரலிடுக்கையும் ஒருமுறை தடவிப் பார்த்து, அன்றைய விதையை அன்றே எடுத்துவிடவேண்டும்.

குட்டி வாங்கியவர்களுக்கு இவர் தனியாக எச்சரிக்கை சொல்வார். எட்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். அந்தச் சில மாதங்களில் நேற்று வாரிய இடத்தில் இன்று முடிச்சு இருக்கும். அதற்கு முன்பே, முடிச்சு எதுவும் இல்லாத வயதிலேயே, தினமும் காதைத் தூக்கிப் பார்க்கவும் சீப்பு படவும் பழக்கிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க மேசையில் நிம்மதியாக நிற்கும். தினமும் வாரிவிட நேரமில்லாத வீட்டாரிடம் காதின் உட்புறத்தையும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கையும் எப்போதும் குட்டையாக வைத்திருக்கச் சொல்வார். நுனியில் கொஞ்சம் நீளம் இருக்கட்டும். காக்கர் காக்கராகவே தெரியும். சென்னைப் புழுக்கத்துக்கு அதுதான் சரி.

ஜூலி ஆறு வாரம் கழித்து வந்தது. இந்த முறை ஆட்டோவில் பெரியவரோடு அவருடைய மனைவியும் இருந்தார், கையில் வாக்கர். வேப்பேரியில் கொடுத்த சொட்டு மருந்தில் காது ஆறிவிட்டது. சிவந்திருந்த இடத்தில் விரல்கடை அளவு புதுமுடி, வெல்வெட்டுத் துணிபோல. பழைய நீளம் வர ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று இவர் சொன்னார்.

"வேண்டாம்மா. இதே அளவுல வெச்சிடு" என்றார் அந்த அம்மா. "தலைய ஆட்டி ஆட்டி ஓடுறா. அது போதும்."

அந்த அம்மாவால் இன்னும் குனிய முடியாது. அதனால் பெரியவருக்கு வாரக் கற்றுத்தந்தார்கள். ஜூலியை சோபாவில் மனைவியின் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த அம்மா காதைத் தூக்கிப் பிடிக்க, பெரியவர் சீப்புப் போடவேண்டும். ஒரு காதுக்கு இரண்டு நிமிடம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் நீளக்காது நாய் ஒன்று இருந்தால், இவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று ராத்திரி அது உங்கள் காலடியில் வந்து படுக்கும்போது, ஒரு காதை மெதுவாகத் தூக்கி, அது தலையோடு சேரும் இடத்தில் பின்பக்கமாக விரலை வையுங்கள். தோல் கைக்குத் தட்டுப்படவேண்டும். தட்டுப்படவில்லை என்றால் கத்தரியை எடுக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். நாளைக்குக் காலையிலேயே கைதேர்ந்த ஒருவரிடம் அழைத்துப் போங்கள்.